உண்மையை விட உணர்ச்சி எடுபடும் காலத்தில், வகுப்பில் உண்மைக்கு என்ன மதிப்பு?

ரொம்பவே மதிப்பு இருக்கிறது என்று நம்புகிறேன். 'நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும்' என்பதை நம்மில் பலர் வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தோம். சீனாவின் தொடக்கப் பள்ளிப் பாடநூலிலும் இப்படி ஒரு கருத்து இருந்தது. 2003 அக்டோபரில் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியை 14 முறை சுற்றிவிட்டுத் திரும்பினார். சுவர் தெரிந்ததா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். அவர் நிலவுக்குக்கூடப் போகவில்லை, பூமியை ஒட்டித்தான் சுற்றினார். சுவர் விண்ணிலிருந்தே தெரியும் என்பது நாடே பெருமைப்பட்ட விஷயம். இருந்தும் அடுத்த ஆண்டே பாடநூலைத் திருத்த முடிவு செய்தார்கள்.

இதை அப்படியே ஒரு கணக்காக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். சுவரின் அகலம் சுமார் 6 மீட்டர், நிலவின் தொலைவு சுமார் 3,84,000 கி.மீ. விகிதம் போட்டால், ஒரு தலைமுடியை நாலைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது போல வரும். சுவர் நீளமாச்சே என்று ஒரு பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். தலைமுடியும் நீளம்தான், ஆனாலும் தெரியாது.

உண்மையை விட உணர்ச்சி எடுபடும் இந்த நிலையைக் குறிக்கும் 'போஸ்ட் ட்ரூத்' என்ற சொல்லை 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொடுப்பதை விட, 'ஐயா, இது எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாமல் இருப்பதுதான் முக்கியம். ஆசிரியருக்கு விடை தெரியவில்லையா? சரி, நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லலாம்.