எந்தக் காலத்துச் சாம்பியன் பெரியவர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினரும் குத்துச்சண்டை ரசிகர்கள். முகமது அலிக்கு நிகர் எவருமில்லை என்பது என் தந்தையாரின் கட்சி. நான் மைக் டைசனைப் பார்த்து வளர்ந்தவன். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, இன்றைய ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) வீரர்களின் உடல்வாகுக்கு முன்னால் பழையவர்கள் நான்கு சுற்றுகூடத் தாங்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறான். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தங்கள் மகனின் வாதத்தில் உண்மை இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் தம் சிறந்த ஆண்டுகளில் 90 கிலோவை ஒட்டியே இருந்தார். அவருக்குப் பின் வந்த சாம்பியன் ராக்கி மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ. ஏறத்தாழ 91 கிலோ வரை உள்ளவர்களுக்கு இன்று குரூசர்வெயிட் என்று தனிப்பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவு இல்லாத காலத்தில் வாழ்ந்ததால்தான் அவர்கள் ஹெவிவெயிட்டில் நின்றார்கள்.

ஆனால் எடை ஒன்றே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்ததை விளக்க முடியாது. அன்று பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரி (மைக் டைசன் அல்லர்) 127 கிலோ. எதிரே நின்ற உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக் 102 கிலோவுக்குச் சற்றே மேல். பன்னிரண்டு சுற்று முடிந்ததும் மூன்று நடுவர்களும் உசிக்குக்கே வெற்றி கொடுத்தார்கள். அவருடைய கால்களைக் கவனித்துப் பாருங்கள். இடக்கை வீரரான உசிக், தம் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளிப்புறமாக வைத்து நகர்வார். அந்த ஓரடி மாற்றத்தில் அவருடைய இடது கைக்கு நேர்வழி திறந்துவிடும், எதிராளியின் வலது கைக்கோ குறி விலகிப்போகும். இந்த வித்தைக்கு உடல் எடை தேவையில்லை. அதனால்தான் நல்ல கால்நகர்வு கொண்ட பழைய வீரர்களை நான் எளிதில் ஒதுக்குவதில்லை.

தங்கள் மகனிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மோதல் எந்த விதிப்படி? 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் உயிரிழந்த பிறகே, பதினைந்து சுற்றாக இருந்த உலகப் பட்டப் போட்டிகள் படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைந்தன. அந்தக் கடைசி மூன்று சுற்றுகளுக்கும் சேர்த்தே பழைய வீரர்கள் தங்கள் மூச்சைப் பழக்கினார்கள். 125 கிலோ உடலைச் சுமந்துகொண்டு பதினான்காவது சுற்றுக்கு எழுந்து வருவது வேறு கதை.

இனி மைக் டைசன். 1986இல் இருபதே வயதில் ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி உலகின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். 1988இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தவர். அந்த இரண்டு ஆண்டுகளின் டைசனைத்தான் நாம் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் என் ஓட்டு அலிக்கே. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுடன் மோதியபோது, ஃபோர்மன் நெருங்கும்போதெல்லாம் அலி அவருடைய பிடரியைக் கையால் பிடித்துத் தலையைக் கீழே அழுத்தினார். குனிந்து உள்ளே புகுந்து குத்தும் டைசனுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. அதே வேளையில், கண்டிப்பான நடுவர் ஒருவர் அதைத் தவறு என்று புள்ளியைக் குறைத்திருந்தால் கணக்கு மாறியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தோல்வியே காணாத மார்சியானோவை விட்டுவிட்டு, ஐந்து முறை தோற்ற அலியை உயர்த்துவது என்ன நியாயம்? கணினியே மார்சியானோதான் வெல்வார் என்று சொன்னதாமே?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நாக் அவுட். அந்தச் சாதனையை நான் வணங்குகிறேன். ஆயினும் அவர் யாரை, எந்த வயதில் வென்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1951இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37. 1952இல் பட்டத்தை இழந்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அந்த வால்காட்கூடப் பன்னிரண்டு சுற்றுவரை புள்ளிகளில் முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் விழுந்த ஒரே ஒரு வலது கைக் குத்துதான் எல்லாவற்றையும் மாற்றியது. மார்சியானோவின் பெருமை அந்த விடாமுயற்சியில் இருக்கிறது. அலியோ லிஸ்டன், ஃப்ரேசியர், நார்ட்டன், ஃபோர்மன் ஆகிய நால்வரையும் வென்றவர். அப்படிப்பட்ட எதிராளிகளைத் தொடர்ந்து சந்திப்பவருக்குச் சில தோல்விகள் வரத்தான் செய்யும்.

கணினிச் சண்டை உண்மையே. 1969இல், வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்து அலி தடைசெய்யப்பட்டிருந்த வேளையில், இருவரையும் நேரில் வரவழைத்துப் பல வகை முடிவுகளைப் படம்பிடித்து, கணினி கணித்த முடிவு என்று 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் காட்டப்பட்ட படத்தில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவுக்கு அலி வெல்லும் முடிவு போயிற்று. ஊருக்கு ஊர் மாறும் முடிவைச் சான்றாக ஏற்க என்னால் இயலவில்லை. அந்தப் படம் திரைக்கு வருமுன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டது பெருந்துயரம்.

கேள்வி: 1975இல் நம் மெர்டேகா ஸ்டேடியத்தில் அலி, ஜோ பக்னருடன் மோதினார். விறுவிறுப்பில்லாத சண்டை என்கிறார்களே, அதை வைத்து அலியை எடைபோடலாமா? தங்கள் வரிசையில் அலிக்கு அடுத்தவர் யார்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பக்னர் தற்காப்பிலேயே நின்றதால் சண்டை சூடு பிடிக்கவில்லை என்பது சரிதான். ஆனால் கோலாலம்பூர் வெயிலில், 33 வயதில், அலி பதினைந்து சுற்றும் நின்று புள்ளிகளில் வென்றார். மூன்றே மாதத்தில் மணிலாவில் ஃப்ரேசியருடன் பதினான்கு சுற்று மோதினார். அந்த உடலுறுதியை அளக்க நம் ஊர்ச் சண்டை நல்ல சான்று. அவருடைய வேகத்தை அளக்க வேண்டுமானால் 1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை வென்ற சண்டையைப் பாருங்கள். அதற்கு அடுத்த ஆண்டே அவரை வளையத்துக்கு வெளியே நிறுத்தி, மூன்றரை ஆண்டுகளைப் பறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் இடம் தயக்கமின்றி ஜோ லூயிஸுக்கு. 1937 முதல் 1949 வரை பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்து, 25 முறை காத்துக்கொண்டவர். எதிராளிகளில் சிலர் சாதாரணமானவர்கள் என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் 1936இல் தம்மை நாக் அவுட் செய்த மாக்ஸ் ஷ்மெலிங்கை இரண்டே ஆண்டில் மீண்டும் சந்தித்து 124 விநாடிகளில் வீழ்த்தியவர் அவர். உசிக்கை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதை அவர் ஓய்வு பெற்ற பிறகு முடிவு செய்யலாம்.