நார்மண்டி: துறைமுகத்திலேயே கவிழ்ந்த கப்பல் (கேள்வி பதில்)

பழைய அட்லாண்டிக் கப்பல்களில் எனக்குப் பிடித்தது பிரான்சின் நார்மண்டி. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது 1935 முதல் 1939 வரை, நாலே வருஷம்தான். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அண்ணா, டைட்டானிக்கை விடப் பெரிசா?

ரொம்பப் பெரிசு, தம்பி. டைட்டானிக் 269 மீட்டர் நீளம், 46,000 டன். நார்மண்டி 313 மீட்டர். முதலில் 79,280 டன், பிறகு மேல்தளத்தில் கட்டுமானம் சேர்ந்து 83,423. இந்த 'டன்' எடைக் கணக்கு இல்லை, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. பாதிப் பேர் இங்கேதான் குழம்புவார்கள்.

கரண்டில் ஓடியது என்கிறார்களே, 1935-ல் அதெல்லாம் சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் பேட்டரி கிடையாது. எண்ணெய் எரித்து நீராவி, நீராவியால் டர்பைன், டர்பைனால் ஜெனரேட்டர், அந்த மின்சாரத்தில் மோட்டார், மோட்டாரில் புரொப்பல்லர். மொத்தம் 1,60,000 குதிரைத்திறன்.

ஆனால் வேகத்தின் ரகசியம் உடல்வாகில் இருந்தது. வடிவமைத்தவர் விளாடிமிர் யூர்கேவிச். ஜார் காலத்து ரஷ்யக் கடற்படைக்குப் போர்க்கப்பல் வரைந்தவர், புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். முன்பக்கம் ஒடுங்கி, தண்ணீருக்கடியில் குமிழ் மாதிரி புடைத்து, நடுவில் அகன்ற உடல். 1935 மே 29 அன்று பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய முதல் பயணத்திலேயே, ஏறக்குறைய 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) சராசரி வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, மிக வேகமான பயணிகள் கப்பலுக்கான புளூ ரிபாண்ட் பட்டத்தை வாங்கியது. அடுத்த வருஷமே பிரிட்டனின் குவீன் மேரி அதைப் பறித்தது, 1937-ல் இது மீட்டது, 1938-ல் மறுபடி பறிபோனது.

ஆரம்பத்தில் பின்பக்கம் பயங்கர அதிர்வு. மூன்று இறக்கை புரொப்பல்லர்களைக் கழற்றி நான்கு இறக்கை போட்ட பிறகுதான் அடங்கியது.

உள்ளே அரண்மனை மாதிரி இருக்குமாமே?

முதல் வகுப்புச் சாப்பாட்டுக்கூடம் 93 மீட்டர் நீளம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபமே 73 மீட்டர்தான்! ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, முழுக்க ஏசி. வெளிச்சமெல்லாம் பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக்கின் கண்ணாடித் தூண்களிலிருந்து. வழக்கமாகப் புகைக்கூண்டின் குழாய் கப்பலின் நடுவே இறங்கி எல்லா அறைகளையும் கெடுக்கும். இதில் அதை இரண்டாகப் பிரித்து ஓரங்களில் இறக்கியதால் நடுவில் கூடத்துக்குப் பின் கூடமாக வைக்க முடிந்தது.

இவ்வளவு ஆடம்பரமே அதற்கு வினையானது என்பது என் எண்ணம். பாதி காலியாக ஓடிய பயணங்கள் நிறைய. அரசாங்கப் பணம்தான் தாங்கிப் பிடித்தது.

மூன்று புகைக்கூண்டில் ஒன்று டம்மியா?

ஆமாம், மூன்றாவது. அழகுக்கு வைத்தது, பயணிகளின் நாய்களுக்கான கூடு அங்கேதான்.

எரிந்தது சதியா, விபத்தா? இதை மட்டும் விவரமாகச் சொல்லுங்கள் சார்.

விபத்து. போர் தொடங்கியபோது கப்பல் நியூயார்க்கில் நின்றிருந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா கையகப்படுத்தி, லஃபாயெட் என்று பெயர் மாற்றி, படைவீரர்களை ஏற்றும் கப்பலாக்கத் தொடங்கியது. 1942 பிப்ரவரி 9 மதியம், பெரிய கூடத்தில் விளக்குத் தூண்களை கேஸ் டார்ச்சால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே உயிர்காப்பு அங்கிகள் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றுக்குள் இருந்தது இலவம் பஞ்சு. நம் வீட்டுத் தலையணைப் பஞ்சேதான், பொறி பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலின் தீயணைப்பு அமைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. ஓடிவந்த நகரத் தீயணைப்புக்காரர்களின் ஹோஸ் மாட்டவில்லை. கப்பலின் குழாய் இணைப்புகளில் இருந்தது பிரெஞ்சு அளவு மரை. தீயணைப்புப் படகுகள் மணிக்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சின. தண்ணீர் மேல்தளங்களில் தேங்கி, கப்பல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

என்னை இன்னும் வதைப்பது இதுதான்: யூர்கேவிச் அப்போது நியூயார்க்கிலேயே இருந்தார். துறைக்கு ஓடிவந்து, அடித்தள வால்வுகளைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுங்கள், கப்பல் சில அடி இறங்கித் தரையில் நேராக உட்கார்ந்துகொள்ளும் என்றார். பொறுப்பிலிருந்த அட்மிரல் ஆண்ட்ரூஸ் ஏற்கவில்லை. நள்ளிரவு தாண்டி, அதிகாலை மூன்று மணிக்குள் கவிழ்ந்துவிட்டது. அணைக்க ஊற்றிய தண்ணீர்தான் கவிழ்த்தது.

நாங்கள்தான் எரித்தோம் என்று பின்னாளில் மாஃபியா ஆட்கள் பெருமையடித்தார்கள். விசாரணை சொன்னது அலட்சியம் என்று. நானும் அந்தக் கட்சிதான்.

ஏதாவது மிச்சம் இருக்கிறதா? நியூயார்க்கில்தான் இருக்கிறேன்.

1943-ல் நிமிர்த்தினார்கள், பயன்படவில்லை. 1946-ல் 1,61,680 டாலருக்குப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். ஆனால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜான் துப்பா வரைந்த, நார்மண்டியின் பெரிய கூடத்தில் இருந்த கண்ணாடி ஓவியம் இருக்கிறது. அதைவிட முதலில் புரூக்ளினில் உள்ள லெபனான் மாதா பேராலயத்துக்குப் போங்கள். அதன் கதவுகளில் நார்மண்டியின் சாப்பாட்டுக்கூடத்துப் பதக்கங்கள் பதிந்திருக்கின்றன. சும்மா கிட்டே போய்ப் பாருங்கள், டிக்கெட் வேண்டாம்.