டேங்கை 50 பாருக்கு இறக்கச் சொல்வது ஏன்?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு டைவ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள சுவாசக் கலவை) நிரப்புவதற்கு முன், திரும்பி வரும் டேங்குகளின் அழுத்தத்தை எல்லாம் 50 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இறக்கச் சொல்கிறார்கள். 90 பாரோடு வரும் டேங்கில் 40 பாரைத் திறந்து விடுவது வீண் இல்லையா? இறக்கத்தான் வேண்டும் என்றால், பூஜ்யத்துக்கே இறக்கிவிட்டால் கணக்கு சுலபமாகுமே?

பதில்: நல்ல கேள்வி. 50 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் ஆக்சிஜன் சிலிண்டரில் இன்றைக்கு எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறதோ, அதிலிருந்து வரும் எண் அது.

நீங்கள் செய்வது டேங்கில் முதலில் கொஞ்சம் சுத்த ஆக்சிஜன் விட்டு, பிறகு கம்ப்ரஸர் காற்றால் 200 பாருக்கு நிரப்பும் முறை. ஆக்சிஜன் பம்ப் இல்லாமல் தானாகப் பாய்வதால், சிலிண்டரில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் டேங்கில் ஏறாது. உள்ளே இருப்பதும் 32, வேண்டியதும் 32 என்றால் கணக்கு இது: 200-லிருந்து மிச்ச அழுத்தத்தைக் கழித்து 0.139-ஆல் பெருக்குங்கள். அவ்வளவு பார் ஆக்சிஜன் ஏற்ற வேண்டும். 90 பார் மிச்சம் என்றால் சுமார் 15 பார் ஏற்றி, 105-இல் நிறுத்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் 120 இருந்தால் ஒரு பாரைக்கூட இறக்கத் தேவையில்லை. 80-தான் இருக்கிறது என்றால் 105 எங்கிருந்து வரும்? 50-க்கு இறக்கினால் 21 பார் ஏற்றி 71-இல் நிற்கலாம், 80 பாரே தாராளமாகப் போதும். உங்கள் சென்டரில் ஆக்சிஜன் சிலிண்டர் பாதி தீர்ந்த நிலையிலும் வேலை நடக்க வேண்டும் என்று 50-ஐப் பொதுவாக வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிலிண்டர் புதிதாக மாற்றிய அன்றும் கண்ணை மூடிக்கொண்டு 50-க்கு இறக்குவது நீங்கள் சொல்வதுபோல வீண்தான். 11 லிட்டர் டேங்கில் 40 பார் என்பது 440 லிட்டர் கலவை. அதற்கு ஈடுகட்ட 60 லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும்.

இறக்கத்தான் வேண்டும் என்றாலும் வெளியே விடுவது கடைசி வழியாக இருக்கட்டும். 90 பார் டேங்கையும் 20 பாரோடு வந்த இன்னொரு 32 டேங்கையும் ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த ஹோஸால் இணைத்து, வால்வை மெள்ளத் திறங்கள். ஒரே அளவு டேங்குகள் என்றால் இரண்டும் 55-இல் வந்து நிற்கும். இரண்டுக்குமே 75 பார் வரை ஆக்சிஜன் ஏற்றினால் போதும், அந்த 80 பார் சிலிண்டரே இதற்கும் ஈடுகொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பூஜ்யத்துக்கு மட்டும் இறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை வெளியிலிருந்து எதுவும் நுழையாது. காலி டேங்கின் வால்வு திறந்து கிடந்தால், ராத்திரி டேங்க் குளிரும்போது கடற்கரை ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளைப் பொடி பூக்கும். இரும்பு டேங்க் இன்னும் மோசம். துரு, உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே தின்னும். நாள்கணக்கில் கிடந்த டேங்கிலிருந்து சுவாசிப்பவர் நினைவிழந்து விழலாம். டேங்கின் உட்புறத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வால்வைக் கழற்றும்போதுதான் முழுக்கக் காலி செய்ய வேண்டும். மற்றபடி 20 பாருக்குக் கீழே நான் போவதில்லை.

அப்புறம், இறக்கும் விதம். டேங்கைச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வெறும் வால்வைத் திறந்தால் சீறும் காற்றின் உதையில் டேங்க் சாயும், சத்தத்தில் காதும் அடைக்கும். பழைய ரெகுலேட்டர் (டைவர் வாயில் வைத்து சுவாசிக்கும் கருவி) ஒன்றை மாட்டி, காற்றை வெளியே விடும் அதன் பர்ஜ் பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள். இதையெல்லாம் வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூடிய அறையில் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே தீப்பற்றும் ஆபத்து கூடும். உடுத்தியிருக்கும் துணியிலும் அது ஊறி நிற்கும்.

வால்வின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். சைக்கிள் டியூபில் பின்னை அழுத்தும்போது காற்று சில்லென்று வருமே, அதேதான் இங்கேயும், பல மடங்காக. முதலில் கழுத்து குளிரும், பிறகு வியர்த்துச் சொட்டும், அதற்கும் மேல் வெள்ளையாகப் பனி படியும். பனி தெரிந்தால் வேகம் அதிகம், நிறுத்திவிடுங்கள்.

இந்தக் குளிரில்தான் பெரும்பாலான கலவைகள் கெடுகின்றன. நான் தொழில் பழகிய நாளில் ஒரு டேங்கை அவசரமாக இறக்கி, கேஜில் 50 பார்த்து, வால்வை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து மறுபடி பார்க்காமல் 71 வரை ஆக்சிஜன் ஏற்றினேன். கடைசியில் ஆக்சிஜன் சதவீதம் காட்டும் அனலைசர் 31-ஐக்கூடத் தொடவில்லை. குளிர்ந்த டேங்கில் 50 காட்டியது, அறையின் சூட்டுக்கு வந்ததும் 54 ஆகியிருந்தது. 21 ஏற்றியதாக நினைத்தேன், ஏறியது 17. இறக்கிய பிறகு அரை மணி நேரம் விடுங்கள். டேங்க் கைக்குச் சாதாரணமாகப் பட்டதும் கேஜைத் திரும்பப் பார்த்து, அந்த எண்ணில் கணக்குப் போடுங்கள். 50-க்குப் பதில் 53 என்றால் மறுபடி இறக்க வேண்டாம், 53-க்குக் கணக்குப் போட்டால் சரி. ஆக்சிஜன் ஏறும்போது டேங்க் சூடாகும் என்பதால் அங்கேயும் நிமிடத்துக்கு 5 பாருக்கு மேல் போகாதீர்கள், ஆறவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மேலே சொன்னதெல்லாம் உள்ளே இருப்பது 32 என்றால்தான். இறக்குவதற்கு முன்பே அனலைசரில் பாருங்கள், டேங்கில் ஒட்டிய டேப்பை நம்பாதீர்கள். 50 சதவீதக் கலவை மிச்சம் இருக்கும் டேங்கை 32 ஆக்க வேண்டும் என்றால், 75 பாருக்கு இறக்கி வெறும் காற்றால் 200-க்கு நிரப்பினாலே 32 வந்துவிடும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். அந்த டேங்கை வழக்கப்படி 50-க்கு இறக்கி 21 பார் ஆக்சிஜனும் ஏற்றினால் 36 தாண்டிவிடும். ஆக்சிஜன் கூடினால் ஆழத்தில் அது நஞ்சாகும் என்பதால், 32-க்குரிய 33 மீட்டர் ஆழத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.