வாசகர் கேள்வி பதில்: மலை ஏறப் போறவங்களுக்கு

லீவு கிட்டுதெண்டா போதும், எந்த மலைக்குப் போகலாம், எப்பிடிப் போறதெண்டு கடிதமும் வட்ஸ்அப்பும் வந்து குவியுது. கடலையும் வாவியையும் வயலையும் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு மலை எண்டா ஆசைதானே. கொஞ்சத்த எடுத்துப் பதில் போட்டிருக்கன்.

நாங்க கொஞ்சப் பொடியன்மார் சேர்ந்து ஓகஸ்ட் லீவில மோட்டர்சைக்கிள்ல ராஜகல மலைக்குப் போகப் போறம். காலத்தால சாப்பிட்டுட்டு வெளிக்கிட்டா பத்து மணிக்கு ஏறத் தொடங்கலாம், பின்னேரம் இறங்கி ராவைக்கு வீடு. சரியா வருமா? – களுவாஞ்சிகுடி வாசகர்

மலை சரி தம்பி, நேரம்தான் பிழை. ராஜகல ஒண்டும் பெரிய உசரம் இல்ல, ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலதான், அம்பாறையில இருந்து மகாஓயாப் பக்கமா 25 கிலோமீற்றர் மட்டில வரும், அதனாலதான் எல்லாரும் லேசா நினைச்சுக்கொண்டு போறது. ஓகஸ்ட் எண்டா கச்சான் அடிக்கிற காலம். மழையெல்லாத்தையும் மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு காஞ்சு சூடாகி நம்மட பக்கம் இறங்குற காத்து அது, வேர்வை தோல்ல நிக்கவே நிக்காது, வந்த உடனே காஞ்சிரும், நீங்க என்னண்டா 'எனக்குப் பெரிசா வேர்க்கல்லயே' எண்டு தண்ணி குடிக்காம நடப்பீங்க, மறுகா தலையிடி, சத்தி, தலைசுத்து. காட்டுக்குள்ள நிழல் கிடக்கு, இல்லயெண்டு சொல்லல்ல. மரம் முடிஞ்சு வெறும் பாறை வாற இடத்தில மத்தியானம் கைய ஊண்டிப் பாருங்க, டக்கெண்டு எடுத்துருவீங்க.

அப்ப சாமம் மூண்டு மணிக்கே வெளிக்கிடுறமே எண்டு கேப்பீங்க, அதுவும் வேணாம். உகணைப் பக்கத்து ரோட்டில விடியப்புறமும் மம்மல் நேரமும் யானை இறங்கும். யானைட உடம்பு லைட் வெளிச்சத்தத் திருப்பித் தராது, மோட்டர்சைக்கிள் லைட்டில அது தெரியிற நேரம் பிரேக் பிடிக்கிறதுக்கு இடம் இருக்காது. ஆனபடியா முதல் நாள் ராவு அம்பாறை டவுன்ல யாரும் சொந்தக்காரர் வீட்டயோ ரூம் எடுத்தோ தங்குங்க, நல்லா வெளிச்சம் வந்தாப்போல வெளிக்கிடுங்க, பதினொரு மணிக்கு முதல் கீழ நிக்கோணும், வீட்ட போறதும் பகல்லயே. ஆளுக்கு ரெண்டு லீற்றர் தண்ணிக்குக் குறையாம வேணும், அதோட பாமசியில விக்கிற ஜீவனி பக்கெட் (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) ரெண்டொண்டு. சோடா கணக்கில இல்ல.

இன்னொண்டு. அது தொல்லியல் இடம். இலங்கைக்குப் பௌத்தத்தக் கொண்டு வந்த மகிந்த தேரர்ர பேர் வெட்டின பழைய கல்வெட்டு இருக்கிற மலை. பாழடைஞ்சு கிடக்கிற செங்கல்லெண்டு நினைச்சு மேல ஏறி நிண்டு படம் எடுக்காதீங்க, 2019 இல ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியில ஏறிப் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொடியன்மார் கைதாகி உள்ள இருந்தது ஞாபகம்தானே.

இந்த சீசனுக்குக் குடும்பமாப் பாவாதமலை போற ஐடியா. எனக்கு அம்பது தாண்டிட்டு, முழங்கால் இடைக்கிட நோகும். ஊரெல்லாம் சமதரை, எங்க பழகுறது? – சம்மாந்துறை வாசகி

அக்கா, நல்ல கேள்வி. பாவாதமலையும் சிவனொளிபாதமலையும் ஒரே மலைதானே, சிவனொளிபாதமலைக்கெண்டு போற நம்மட சனத்துக்கும் சேத்தே சொல்றன், ஹற்றன் நல்லதண்ணிப் பக்கத்தால ஏறினா படி 5,500 மட்டில வரும். ஏறக்குள்ள மூச்சுதான் வாங்கும், முழங்கால் பேசுறது இறங்கக்குள்ள. ஒவ்வொரு படிக்கும் உங்கட முழுப் பாரத்தையும் ஒரு கால் பிடிச்சு நிப்பாட்டி நிப்பாட்டி விடுது, தொடைச் சதை நீண்டுகொண்டே இழுபடுறதால அதுக்குள்ள நுணுக்கமாக் காயம் வாற, அதுதான் அண்டைக்கு ஒண்டும் தெரியாம அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் கக்கூசுக்குக் குந்தேலாமக் கிடக்கிறது.

ஆனபடியா இறங்கித்தான் பழகோணும். மாடி வீடோ ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ எங்க படி இருக்கோ அங்க ஒரு ஆறு கிழமைக்கு முதலே தொடங்குங்க, ஏறுறது எப்பிடியும் ஏறுங்க, இறங்கக்குள்ள மெதுவா, கால வீசிப் போடாம வச்சு வச்சு இறங்குங்க. நம்மட மட்டக்களப்பு ஆக்கள் கல்லடிப் பாலத்தில பின்னேரம் நடக்கிறத மலைக்குப் பழகுறதெண்டு சொல்லுவாங்க, நடக்கட்டும், நல்லதுதான், ஆனா பாலத்தில நடந்தா பாலத்தில நடக்கத்தான் வரும். கடல் மணல்ல நடக்கிறது அதவிடத் தேவல. முழங்கால் வீங்குதெண்டா, மடக்கக்குள்ள இறுகுதெண்டா முதல்ல டொக்டர்ட காட்டிட்டு மறுகா யோசிங்க.

ஒரு கம்பு கட்டாயம், இறங்கக்குள்ள கம்பு முதல் படிய அடிக்கோணும், மறுகாதான் கால். டிசம்பர்ல வாற உண்டுவப் போயாவில இருந்து மே மாச வெசாக் வரைக்கும் சீசன், போயாவும் சனி ஞாயிறும் வேணாம், உச்சிக்குக் கிட்ட லைன்ல நிண்டே விறைச்சிருவீங்க. 2,243 மீற்றர் உசரம், ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஆறரைப் பாகை மட்டில குறையும், சம்மாந்துறையில ராவைக்கு 24 பாகை எண்டா மேல 10 தான், அதுக்கு மேல காத்து. ஏறக்குள்ள வேர்த்து நனைஞ்ச சட்டையோடதான் ஆக்கள் நடுங்குறது, மாத்துறதுக்கு ஒரு காஞ்ச உடுப்ப பொலித்தீன்ல சுத்தி வச்சிக்கொள்ளுங்க.

டிசம்பர் லீவில குடும்பிமலை போகலாமா? – செங்கலடி வாசகர்

வேணாம். வடகீழ்ப் பருவமழை ஊத்துற மாசம், கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாஞ்சா அங்கால உள்ள சனமே படகிலதான் வந்து போகுது, நீங்க போய் அதுக்குள்ள இடம் பிடிக்காதீங்க. 534 மீற்றர்தான், ஓடாது, மே பிறந்தாப்போல பாருங்க. 2007 வரைக்கும் யுத்தம் நடந்த காடு, பாதைய விட்டு உள்ளுக்க இறங்காதீங்க, போறதுக்கு முதல் பிரதேச செயலகத்திலயும் ஆமிக்காரரிட்டயும் கேட்டுக்கொள்ளுங்க.

செருப்போட ஏறலாமா? பாம்பு கடிச்சா என்ன செய்யிற? – ஆரையம்பதி வாசகர்

ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான், பாம்பு கடிக்கிறது அனேகமாப் பாதத்திலயும் கணுக்காலடியிலயும்தான், ஆனபடியாச் சப்பாத்து போடுங்க. ட்ரவுசர மேசுக்குள்ள சொருகி விட்டா உண்ணியும் ஏறாது, நம்மட காட்டில அட்டைய விட அதுதான் கரைச்சல், வீட்ட வந்து குளிக்கக்குள்ள காதுக்குப் பின்னாலயும் இடுப்பிலயும் தடவிப் பாருங்க.

கடிச்சா கயித்தால இறுக்கிக் கட்டுற, பிளேட்டால கீறுற, வாயால உறிஞ்சுற வேல ஒண்டும் வேணாம். விஷக்கல்லு வைக்கிற ஆளத் தேடி ஓடவும் வேணாம், கோவிக்காதீங்க, நேரம் அங்கதான் போகுது. மோதிரம், காப்பு, சப்பாத்தக் கழட்டுங்க, வீங்கினா கழட்டேலாது. கால அசையாம வச்சு, ஆள நடக்க விடாமத் தூக்கிக் கொண்டு வாங்க, 1990 க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். சிக்னல் எந்த இடத்தில கிடைக்குதெண்டு ஏறக்குள்ளயே போனப் பார்த்துப் பார்த்துப் போங்க.

புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு போய்ப் பாட்டுப் போட்டா தப்பா சேர்? – கல்முனை வாசகர்

பாறை விளிம்பில மலைத்தேனீ கட்டியிருக்கும், சத்தத்துக்கும் சென்ற் வாசத்துக்கும் புகைக்கும் அது கிளம்பும், ஒண்டு குத்தினா அந்த மணத்துக்கே மத்ததெல்லாம் வரும். அதவிட, கிட்டத்தில கொப்பு முறியிற சத்தம் கேட்டாத்தான் யானை நிக்குதெண்டு தெரியும். ஸ்பீக்கர வீட்ட வச்சிட்டு அந்தப் பாரத்துக்கு இன்னொரு போத்தல் தண்ணி கொண்டு போங்க.