பாம்பன் பாலத்தில் ரயில் ஓட அனுமதி தருவது யார்? படகுச் சவாரிக்கும் அவர்களேதானா?

இல்லை, இரண்டும் வேறு வேறு கை.

ரயிலுக்கு அனுமதி தருவதில் முக்கியமானவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். பலருக்குத் தெரியாத விஷயம், இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். பாதை போட்டவர்களே அதற்குச் சான்றும் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புதிய பாலத்தை 2024 நவம்பரில் ஆய்வு செய்த ஆணையர், துருப்பிடிப்பு, திட்டமிடலில் குறை என்று அறிக்கையில் எழுதி, நிபந்தனைகளோடுதான் அனுமதித்தார். வேகம் மணிக்கு 75 கி.மீ., கப்பல் போக மேலே தூக்கும் பகுதியில் 50. 2025 ஏப்ரல் 6-ல்தான் பாலம் திறந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி இக்கரையிலேயே நிற்கும். அப்போது ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரை ஆட்களோடு கடலுக்குக் கொடுத்த கரை இது.

படகு விஷயம் அவ்வளவு தெளிவில்லை. பாம்பன், ராமேஸ்வரம் போன்ற சிறு துறைமுகங்கள் மாநில அரசின் கடல்சார் வாரியத்திடம் இருக்கின்றன. மீன்பிடி விசைப்படகுகள் மீன்வளத் துறையில் பதிவாகின்றன. இலங்கையின் தலைமன்னாருக்கு மறுபடி கப்பல் விடுவதென்றால் மத்திய கப்பல் துறை, சுங்கம், குடியேற்றம் எல்லாம் வர வேண்டும். ரயிலுக்கு இருப்பதுபோல வேறு அமைச்சகத்தின் கீழ் ஓர் ஆணையர் படகுக்கு இல்லை. அது கட்டாயம் வேண்டும் என்பேன்.

அதுவரை, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிராத, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.