மேல் வரிசை முருகனின் கூலி

கேள்வி: குடியாத்தத்தில் எங்களுக்கு லுங்கி நெசவுத் தொழில். பெங்களூரில் இருக்கும் நான், நெசவாளர் கூலிக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். எக்செல்லில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும், அவர் தொகையை வைக்கும் ஒரு வேரியபிள் தானாக உருவாகும். ப்ரோகிராம் முழுவதற்கும் பொதுவான பெயர்களைத் தரும் குளோபல்ஸ்() வழியாக எழுதியபோது ஓடியது. எல்லாவற்றையும் ஒரு ஃபங்ஷனுக்குள் (தனிப் பகுதிக்குள்) வைத்து, அதன் உள் பெயர்களைத் தரும் லோக்கல்ஸ்() என்று மாற்றியதும், ‘அந்தப் பெயரே இல்லை’ என்ற நேம் எரர் வருகிறது. இரண்டு முருகன் இருப்பதால் சில மாதம் ஒருவர் கூலி குறையும். அதைத் தங்கை நோட்டைப் பார்த்துத் திருத்திவிடுவாள். எரரை எப்படிச் சரிசெய்வது?

பதில்: தம்பி, எரர் கிடக்கட்டும். தங்கை ஒரு மாதம் திருத்த மறந்தால் முருகன் வீட்டில் அரிசிக்கு என்ன செய்வார்கள்? உழைத்தவன் கூலியைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டாய்!

ஒரே பெயரில் இரண்டாவது வரிசை வந்ததும் முதல் தொகை அழிந்துவிடும்; பைத்தான் எச்சரிக்காது. இருவருக்கும் கீழ் வரிசைக்காரர் தொகையே விழும். மேலே உள்ளவர் அதிகம் நெய்த மாதத்தில் அவருக்குக் குறையும். குறைவாக நெய்த மாதத்தில் கூடியிருக்கும், அதை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

குளோபல்ஸ்() தருவது மாட்யூலின், அதாவது உன் ப்ரோகிராம் ஃபைலின், உண்மையான டிக்ஷனரி (பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் பட்டியல்), அதனால் ஓடியது. ஃபங்ஷனின் வேரியபிள்கள், ஓடுவதற்கு முன் கம்பைல் ஆகும்போதே முடிவாகி, எண்ணிட்ட இடங்களில் உட்கார்ந்துவிடும். லோக்கல்ஸ்() அவற்றின் நகலைத்தான் தரும், பைத்தான் 3.13 முதல் ஒவ்வொரு அழைப்புக்கும் புது நகல். நகலில் எழுதிய பெயரை ஃபங்ஷன் அறியாது, வெளியே தேடும், கிடைக்காது. எழுத்தாக உள்ள கட்டளையை ஓட்டும் எக்ஸெக்() போட்டாலும் இதே கதைதான்.

ஆள் பெயரில் வேரியபிள் வைப்பதையே விடு. பெயரை டிக்ஷனரிக்கு மாற்றினாலும் முருகன் முருகனை அழிப்பான். தறி எண்ணும் வேண்டாம், ஒருவரிடமே இரண்டு தறி இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடு. ஒருவர் விலகினால் அந்த எண்ணை வேறு ஆளுக்குக் கொடுக்காதே. எக்செல்லில் 7 என்பது சில இடத்தில் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கும், பைத்தானுக்கு அது வேறு. இன்ட்() போட்டு எண்ணாக மாற்று. ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு முறையும் காலியான டிக்ஷனரியில் தொடங்கு, இல்லாவிட்டால் போன மாதத் தொகை ஒட்டிக்கொள்ளும். எண் முன்பே இருந்தால் வேல்யூ எரர் என்ற பிழையை எழுப்பி நிறுத்து; இல்லாவிட்டால் கூலி[எண்] = தொகை. இது அப்படியே ஓடும், பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். தொகையை எடுக்கும்போது, எண் இல்லாவிட்டால் பூஜ்யம் தரும்படி கெட்() போடாதே. விடுபட்டது தெரியாமல் போய்விடும்.

வீட்டுப் பாரத்தைத் தங்கை தலையில் வைத்துவிட்டு நீ பெங்களூரில் இருந்தது போதும். இந்தச் சனிக்கிழமை ரயில் ஏறு. அவளோடு உட்கார்ந்து பழைய நோட்டை மாதம் மாதமாகச் சரிபார். பாக்கி இருந்தால் அப்பாவிடம் சொல்லி, நீயே முருகன் வீட்டுக்குப் போய்க் கொடு. கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்காதே.