மூலிகை வலிநிவாரணக் களிம்பு: அட்டையில் உள்ளதை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் நீண்ட நாட்களாக வலி இருக்கிறது. அவருக்காக நான் வாங்கிய களிம்பின் அட்டையில் "முழுக்க மூலிகை", "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது", "நானோ தொழில்நுட்பத்தால் ஆழமாக ஊடுருவும்" என்று மூன்று வாசகங்கள் உள்ளன. தடவிய உடனே குளிர்ச்சியாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் வலி திரும்பிவிடுகிறது. இந்த வாசகங்களை எவ்வளவு நம்பலாம்? அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்ன செய்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். களிம்பின் உட்பொருள் பட்டியலில் மெத்தில் சாலிசிலேட் அல்லது வின்டர்கிரீன் எண்ணெய் என்று இருந்தால், மருத்துவரிடம் கேட்கும் வரை அதை அம்மாவுக்குத் தடவாதீர்கள். இது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவுப் பொருள். தோல் வழியாக ரத்தத்தில் கலக்கக்கூடியது. வார்ஃபரின் எடுப்பவர்கள் இதை அதிகமாகத் தடவியதால் ரத்தக்கசிவு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மூலிகைதானே, மேலே தடவுவதுதானே என்ற எண்ணத்தில் பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

இதே பொருள் "முழுக்க மூலிகை" என்ற முதல் வாசகத்தையும் விளக்கிவிடுகிறது. மெத்தில் சாலிசிலேட் வின்டர்கிரீன் இலையில் இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் இன்று விற்பனையில் உள்ளதில் பெரும்பகுதி ஆலையில் தயாராவது. இலையிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. நன்மையும் தீமையும் அதேதான். ஆகவே எங்கிருந்து வந்தது என்பதைவிட, என்ன பொருள், எத்தனை சதவீதம் என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து அந்தக் குளிர்ச்சி. அது மருந்து மூட்டுக்குள் போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. புதினா வகைச் செடிகளில் உள்ள மெந்தால், தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஏற்பிகளை, அதாவது தூண்டலை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, தூண்டுகிறது. தோலின் வெப்பநிலை குறையாமலேயே மூளைக்குக் "குளிர்" என்ற செய்தி போகிறது, அந்தச் செய்தி இருக்கும் வரை வலி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. நீங்கள் சொல்லும் அரை மணி நேரம் இதற்குப் பொருந்துகிறது. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆனால் தேய்ந்த மூட்டுக்கு அது சிகிச்சையும் அல்ல.

மிளகாயில் உள்ள கேப்சைசின் இதைவிட ஆழமான கதை. அது தூண்டும் ஏற்பியை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் கண்டறிந்தனர். அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்ததற்கு இந்தக் கண்டுபிடிப்பு முக்கியக் காரணம். கேப்சைசின் முதலில் எரிச்சலைத் தரும். தொடர்ந்து பட்டால் அந்த நரம்பு முனைகள் மரத்துப்போகும். சாதாரணக் களிம்புகளில் 0.025 அல்லது 0.075 சதவீதம் இருக்கும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை வீதம் சில வாரங்கள் தடவினால்தான் பலன் தெரியும். இரண்டு நாள் தடவி, எரிகிறது என்று நிறுத்துபவர்களுக்கு எரிச்சல் மட்டுமே மிச்சம். அக்கி வந்து போனபின் நீடிக்கும் நரம்பு வலிக்கு, கேப்சைசின் 8 சதவீதம் கொண்ட, தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை (patch) ஒன்று 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை மருத்துவப் பணியாளர் ஒட்டி, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார். பொருள் ஒன்றே என்றாலும் 0.025-க்கும் 8-க்கும் இடையே 320 மடங்கு வித்தியாசம். சதவீதத்தை அச்சிடாத அட்டை எதையுமே சொல்லவில்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

"ஆழமாக ஊடுருவும்" என்பதை நம்புவதற்குமுன் தோலை நினைத்துப் பாருங்கள். அதன் மேற்புறச் செத்த செல் அடுக்கின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் வெளிப்பொருளை உள்ளே விடாமல் தடுப்பது அதுவே. ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேல் எடை உள்ளவை அதைக் கடப்பது அரிது. மெந்தால் 156, கேப்சைசின் 305, இவை கடந்துவிடும். மஞ்சளின் குர்குமின் 368 என்றாலும், நீரில் மிகச் சிறிதளவே கரைவதால் அதைத் தோலுக்குள் அனுப்புவது கடினம். இதற்காகத்தான் நானோ துளிகள், கொழுப்புக் குமிழ்கள் போன்றவற்றை ஆய்வாளர்கள் முயன்று பார்க்கிறார்கள். அது நேர்மையான, தேவையான ஆராய்ச்சி. செடிப்பொருளைத் தோல் வழியே செலுத்த முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தோல்வழி மருந்துப் பட்டையில் இருந்தது, ஊமத்தைக் குடும்பச் செடிகளில் கிடைக்கும் ஸ்கோபோலமின், பயணத்தில் வரும் குமட்டலுக்கானது.

ஆனால் "ஆய்வில்" என்றால் எந்த ஆய்வில்? பெரும்பாலும் அது ஒரு கண்ணாடிக் கலத்தின் நடுவே எலித்தோலை விரித்து, மறுபுறம் எவ்வளவு மருந்து சேர்கிறது என்று அளந்ததாக இருக்கும். எலித்தோல் மனிதத்தோலைவிட எளிதில் வழிவிடும். அங்கே ஊடுருவியது உங்கள் அம்மாவின் முழங்காலில் ஊடுருவும் என்பதற்கு அது உறுதி ஆகாது. மனிதர்களிடம், மருந்தற்ற களிம்புடனோ வேறு மருந்துடனோ ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். தேய்த்துவிடுவதே ஓரளவு சுகம் தருவதால் அந்த ஒப்பீடு அவசியம். அப்படிச் செய்தவையும் உள்ளன. கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் 21 நாட்கள் நடந்த ஒரு சோதனையில், ஆர்னிகா என்ற மூலிகையின் ஜெல், இபுபுரோஃபென் என்ற வலிநிவாரணி ஜெல்லுக்குக் குறையாத பலன் தந்தது. சோதித்த பொருளின் பெயரும் அளவும் உங்கள் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்துப்போனால் மட்டுமே அந்த ஆய்வு உங்கள் களிம்புக்குப் பேசும்.

கேள்வி: களிம்பைத் தடவியபின் வெந்நீர்ப் பை வைக்கலாமா? வீட்டில் சிறு குழந்தையும் இருக்கிறது.

பதில்: வைக்கக் கூடாது, இறுக்கமாகக் கட்டுப்போடவும் கூடாது. மெந்தால், மெத்தில் சாலிசிலேட், கேப்சைசின் கொண்ட களிம்புகளால் தோல் வெந்துபோன நிகழ்வுகளைச் சுட்டிக்காட்டி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரித்தது. எரிச்சல் பொறுக்க முடியாமல் போனாலோ கொப்புளம் தெரிந்தாலோ கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கேப்சைசின் தடவிய விரலைச் சோப்பால் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். வின்டர்கிரீன் எண்ணெய்ப் புட்டியைக் குழந்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை 20-க்கு மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தை சிறிதளவு குடித்ததாகச் சந்தேகம் வந்தாலும், அறிகுறிக்காகக் காத்திராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.